பயிர்க் காவலும் துப்பாக்கித் தொலைநோக்கியும்

தேனி ஜில்லாவில் தேவாரத்தைச் சுற்றியுள்ள நிலங்கள் மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டிக் கிடப்பவை. கிணற்றுப் பாசனத்தில் தென்னையும் வாழையும், மானாவாரியில் நிலக்கடலை, சோளம், மக்காச்சோளம், மொச்சை முதலியனவும் இங்கே சாகுபடியாகின்றன. மலைக்கு மேலே, எல்லைக்கு அப்பால், உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்கள் பரந்திருக்கின்றன. இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள காட்டுச் சரிவிலிருந்து இரவில் இறங்கிவரும் காட்டுப்பன்றியினால் குடியானவர்கள் அடையும் நஷ்டத்தை விவரிக்க வேண்டிய அவசியமில்லை. காய் பிடித்த கடலைக் காட்டில் ஒரு கூட்டம் ஒரே இரவு புகுந்தாலும், காலையில் உழுது போட்டாற்போன்ற மண்ணும் கடித்துத் துப்பிய கொடியுமே மிஞ்சும்.

இத்துன்பத்திற்குப் பரிகாரமாகத் துப்பாக்கி என்னும் சொல் எழும்போதெல்லாம், அதன் மேல் பொருத்தப்படும் தொலைநோக்கியைப் பற்றிய பேச்சும் கூடவே எழுகின்றது. ஸ்கோப் என்று வழங்கும் இக்கருவியைப் பற்றிப் பலரிடம் தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. பெரிதாகக் காட்டுவதே நல்லது என்பது ஒன்று; உள்ளே கோடுகள் அதிகமிருந்தால் குறி தப்பாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழையாவது எவ்வாறு என்பதும், தேர்ந்தெடுக்கும் முறை யாது என்பதும் கீழே விளக்கப்படுகின்றன.

சுடுவதற்கு அதிகாரம் உள்ளவர் யார்?

கருவியைப் பற்றிப் பேசுமுன் சட்டத்தை அறிந்து கொள்ளுதல் முறை. வேட்டை ஒரு காலத்தில் இம்மலைகளில் துரைமார்களின் பொழுதுபோக்காக இருந்தது. நீலகிரியில் 1879-ஆம் வருஷத்திலேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் ஏற்பட்டது. போடிமெட்டுக்கு வடமேற்கே, மூணாறு தேயிலைத் தோட்டத்தாரின் வேட்டை நிலமாக இருந்த இரவிகுளம், 1975-ல் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 1972-ஆம் வருஷத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விளையாட்டு வேட்டை என்பது இன்று நம் நாட்டில் இல்லை. 2022-ல் அச்சட்டம் திருத்தப்பட்ட பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் சேர்ந்திருக்கின்றது. ஆகையால் தன் நிலத்தில் புகுந்ததாயினும் அதைத் தானாகச் சுடுவது குற்றமாகும். அதற்கு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசாங்கம் ஓர் ஏற்பாடு அறிவித்தது. அதன்படி காப்புக் காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடுதல் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தவற்றை மட்டும் பயிற்சி பெற்ற வன இலாகா ஊழியர்கள் சுடலாம். பட்டாதாரரின் முறையீடு கிராம அலுவலரும் வன ஊழியரும் அடங்கிய குழுவின் வாயிலாகவே மேலே செல்லுகின்றது. மலையேறி அப்பால் சென்றால் முறை வேறு. கேரள அரசாங்கம் 2022-ல் ஊராட்சித் தலைவர்களுக்கு அதிகாரமளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டு, அவர்களைக் கொண்டு பன்றிகளைச் சுட ஏற்பாடு செய்தது. மேலே ஏலத் தோட்டமும் கீழே கடலைக் காடும் உடையவர்கள் இப்பக்கத்தில் பலர். ஒரே குடியானவருக்கு மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் பொருந்துகின்றமையால், இரண்டையும் கலந்துவிடாமல் நடந்துகொள்ள வேண்டும்.

எனவே தேவாரத்துப் பட்டாதாரருக்குத் தொலைநோக்கியைப் பற்றிய அறிவு தாமே சுடுவதற்காகவன்று. தம் நிலத்தில் சுட வருபவர் தக்க கருவியோடு வருகின்றாரா, அதற்கேற்ப நிலத்தை எவ்விதம் அமைத்துக் கொடுப்பது என்பவற்றை அறிவதற்காகவே அது வேண்டப்படுகின்றது. ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவர்களுக்கும், எல்லைக்கு அப்பால் பட்டியலில் இடம் பெற்றவர்களுக்கும் அது நேரே பயன்படும்.

தொலைநோக்கி செய்யும் வேலை

சாதாரணத் துப்பாக்கியில் குறி பார்ப்பவர் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணுக்கு அருகிலுள்ள பிளவு, குழல் முனையிலுள்ள மணி, அப்பாலுள்ள விலங்கு என்பவை அம்மூன்று. மூன்றும் மூன்று தூரத்தில் இருப்பதால் கண் ஒன்றைத் தெளிவாகக் காணும்போது மற்ற இரண்டும் மங்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்க்குப் பிளவு ஒரு கறையாகவே தோன்றும். தொலைநோக்கியில் விலங்கின் உருவமும் குறியிழையும் ஒரே தளத்தில் விழுவதால், இழையை விலங்கின் மேல் வைத்தால் போதும்.

உள்ளே இழை வைக்கும் வழக்கம் பழமையானது. பதினேழாம் நூற்றாண்டில் வில்லியம் காஸ்காயின் என்ற ஆங்கில வானசாஸ்திரி தொலைநோக்கியினுள் நூல் போன்ற குறியை அமைத்து நட்சத்திரங்களை அளந்தார். பிற்காலத்தில் துப்பாக்கித் தொலைநோக்கிகளிலும் சிலந்தி நூலும் மெல்லிய கம்பியும் குறுக்காகக் கட்டப்பட்டன. இக்காலத்தில் பெரும்பாலும் கண்ணாடியில் பொறித்தோ உலோகத் தகட்டில் வெட்டியோ இழையை அமைக்கின்றனர்.

இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. இன்னதைத்தான் சுடுகின்றோம் என்று தெரிந்து சுடுவதற்குத் தொலைநோக்கி துணை செய்கின்றது. புதரின் பின் அசைவது பன்றியா, காவலுக்குப் படுத்த ஆளா, மிளாக் கன்றா, நாயா என்பதை அரையிருட்டில் வெறுங்கண் அறியாது. ஆயினும் எச்சரிக்கை ஒன்று கூறவேண்டும். இன்னதென்று அறிவதற்குத் துப்பாக்கியை எதிரே நீட்டிப் பார்ப்பது பெருந்தவறு. முதலில் கைத் தொலைநோக்கியால் பார்த்து உறுதி செய்து கொண்ட பின்னரே துப்பாக்கியை உயர்த்த வேண்டும்.

எண்களைப் படிக்கும் விதம்

தொலைநோக்கியின் மேல் 3–9×40 என்றோ 1–4×24 என்றோ பொறித்திருக்கும். முதலிலுள்ளது உருப்பெருக்கம், முன்னது மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றத்தக்கது என்று பொருள். பெருக்கற் குறிக்குப் பின்னுள்ளது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 4.4 மி.மீ.; 6-ஆல் வகுத்தால் சுமார் 6.7 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும், வயது ஏறியவர்க்கு 5 மி.மீ. அளவே விரியும். பகலில் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். பன்றி வரும் நேரமோ பொழுது சாய்ந்த பின்பும் விடியலுக்கு முன்புமாகும். அப்போது ஒன்பது மடங்கில் வைத்த கண்ணாடி உருவத்தைப் பெரிதாக்கினாலும் இருளையும் கூட்டிக் காட்டும். அதையே ஐந்து அல்லது ஆறு மடங்குக்குக் குறைத்தால் உருவம் சற்றுச் சிறுத்துத் தெளிவு மிகும்.

பெருக்கம் ஏற ஏறப் பார்வைப் பரப்புக் குறுகுவது மற்றொரு குறை. 100 மீட்டர் தூரத்தில் மூன்று மடங்குக் கண்ணாடி சுமார் 11 மீட்டர் அகலத்தைக் காட்டும்; ஒன்பது மடங்கு 4 மீட்டர் சொச்சமே காட்டும். 30 மீட்டரில் இது ஒன்றரை மீட்டருக்கும் குறைந்துவிடும். கடலைக் காட்டில் அவ்வளவு அண்மையில் நிற்கும் பன்றியின் ஒரு பக்கத்து மயிரை மட்டும் கண்டு, எது தலை எது பின்புறம் என்று தெரியாமல் சுடுபவர் பலர். அவ்வாறு சுட்ட பன்றி காயத்துடன் ஓடிப் புதரில் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலை தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆளுக்கு அதுவே யமனாகும்.

அடிவார நிலங்களில் சுடும் தூரம் பெரும்பாலும் 30 முதல் 80 மீட்டருக்குள் அடங்கும். இத்தூரத்திற்கு ஒன்றிலிருந்து நான்கு அல்லது ஆறு மடங்கு வரை மாற்றத்தக்கதோ, மாறாத நான்கு மடங்குடையதோ போதியது. அதிகப் பெருக்கம் மலைநாட்டில் பள்ளத்தாக்கு கடந்து சுடுபவர்க்கே உரியது.

கண்ணாடியின் தரம் எண்ணில் தெரியாது. 1935-ல் ஜெர்மனியில் ஸைஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஸ்மகுலா என்பவர் கண்ணாடி மேல் மெல்லிய பூச்சிட்டு ஒளி திரும்பிப் போவதைத் தடுக்கும் முறையைக் கண்டார். இன்று நல்ல கண்ணாடிகளில் எல்லாப் பரப்புகளிலும் இப்பூச்சு பல அடுக்காக இடப்படுகின்றது. அந்தி நேரத்தில் கடை வாசலில் நின்று, எதிரிலுள்ள மரத்தின் நிழலுக்குள் இலை பிரிந்து தெரிகின்றதா என்று பார்ப்பதே இதற்குத் தக்க சோதனை. பட்டப்பகலில் பார்த்து வாங்குவது பயனற்றது. மழையும் மூடுபனியும் மிகுந்த சரிவுகளில் உபயோகிப்பதாயின், உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பி முத்திரையிட்டதாக இருத்தல் வேண்டும். இல்லாவிடில் உட்புறத்தில் ஆவி படியும்.

குறியிழையின் வகைகள்

இழையின் அமைப்பே தேர்வில் முக்கியமானது. அவ்வகைகளாவன:

1. மெல்லிய குறுக்கிழை. வெள்ளைக் காகித இலக்கில் மிகத் துல்லியமானது. கரும்பன்றியின் மேல் அந்தியில் இழை அறவே மறைந்துவிடும். பயிர்க் காவலுக்கு ஏற்றதன்று.

2. தூண் குறி. கீழிருந்து தடித்த தூண் ஒன்று நடுவரை எழும்பி நிற்கும். இருட்டில் நன்றாகத் தெரியும். ஆனால் தூண் விலங்கின் கீழ்ப்பாகத்தை மறைக்கும். தூரம் கூடினால் எங்கே வைப்பது என்பதில் தடுமாற்றம் நேரும்.

3. ஜெர்மானிய நான்காம் எண் குறி. இடம், வலம், கீழ் என்னும் மூன்று பக்கங்களிலும் தடித்த கம்பிகள் வந்து நின்று, நடுவில் மெல்லிய இழை கூடும். மேற்புறம் வெறுமையாய் இருப்பதால் விலங்கு நன்கு தெரியும். ஐரோப்பாவில் இரவில் பன்றிக்குக் காத்திருப்பவர்கள் நெடுநாளாகக் கையாண்டு வருவது.

4. டூப்ளெக்ஸ் குறி. அமெரிக்காவில் லூபோல்டு கம்பெனியார் 1962-ல் வெளியிட்டது. நான்கு புறமும் தடித்து, நடுவில் மெலிந்திருக்கும். நடுவிழை தெரியாதபோதும் நான்கு தடிப்புகளின் இடைவெளியைக் கொண்டு மையத்தைக் கண்டுகொள்ளலாம்.

5. ஒளிரும் புள்ளி. மையத்தில் மட்டும் சிறு சிவப்பு ஒளி. மேற்கண்ட இரண்டோடு சேர்ந்திருப்பின் மிக உத்தமம். ஒளியை ஆகக் குறைத்து வைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மிகுந்தால் கண்மணி சுருங்கி விலங்கே தெரியாமற் போகும். மின்கலம் தீர்ந்தாலும் கறுப்பு இழை நிற்பது அவசியம்.

6. படிப்படியாகப் புள்ளியும் கோடும் இட்ட அளவுக் குறிகள். 1970-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படைப் போர்வீரர்களுக்காக வந்த மில்-டாட் முதலியன இவ்வகை. நெடுந்தூரம் அளந்து சுடுபவர்க்கு உதவும். 50 மீட்டரில், இருட்டில், நெஞ்சு படபடக்கும் க்ஷணத்தில், எந்தப் புள்ளியை வைப்பது என்ற குழப்பத்தையே உண்டாக்கும்.

ஆகவே தேவாரப் பக்கத்து நிலைமைக்கு ஜெர்மானிய நான்காம் எண் குறியும், டூப்ளெக்ஸ் குறியின் தடித்த வகையும், முடிந்தால் ஒளிரும் மையத்தோடு, ஏற்றவை என்று கொள்ளலாம்.

பெருக்கம் மாறும் கண்ணாடிகளில் இழை முன் தளத்தில் இருந்தால் பெருக்கத்தோடு இழையும் தடிக்கும், குறைத்தால் மெலியும்; பின் தளத்தில் இருந்தால் எப்போதும் ஒரே தடிமனாய் நிற்கும். இருட்டில் பெருக்கத்தைக் குறைத்தே பார்க்க வேண்டியிருத்தலின், மெல்லிய இழையை முன் தளத்தில் கொண்டது அந்நேரத்தில் காணாமற் போகும். பயிர்க் காவலுக்குப் பின் தள இழையே தொல்லையற்றது.

சாதாரணத் தோட்டாத் துப்பாக்கி உடையவர்கள்

1959-ஆம் வருஷத்திய ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கென்று குறிப்பது வாய்வழி மருந்திடும் துப்பாக்கியாகும். கிராமங்களில் உரிமத்தோடு இருப்பவற்றுள் பன்னிரண்டாம் எண் குழல் துப்பாக்கியும் உண்டு. உள்ளே புரியில்லாத இத்துப்பாக்கிகளுக்குப் பெரிய தொலைநோக்கி வாங்குவது பணத்தை வீணாக்குவதேயாகும். பெரு ரவைத் தோட்டா 25, 30 மீட்டருக்கு அப்பால் சிதறிக் காயப்படுத்துமேயன்றிக் கொல்லாது. இவற்றிற்குக் குழல் முனையிலுள்ள மணியே போதும். பார்வை குறைந்தவர்களுக்கு, 1975-ல் ஸ்வீடனில் எய்ம்பாயிண்ட் கம்பெனியார் தொடங்கி வைத்த, பெருக்கமில்லாத செம்புள்ளிக் குறிக்கண்ணாடி பயன்படலாம். இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள் போன்ற புரிக்குழல் ஆயுதங்களுக்கே தொலைநோக்கி பொருத்தமானது. எதைப் பொருத்துவதாயினும் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் முன்கூட்டி விசாரித்து, எழுத்து மூலமான உத்தரவு பெற்றுக்கொள்வது நலம்.

பொருத்துதலும் குறி சரிபார்த்தலும்

கண்ணுக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே 9 செண்டிமீட்டர் அளவு இடம் வேண்டும். இது குறைந்தால் பின்னுதைப்பில் குழல் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். மேட்டை நோக்கிச் சுடும்போது இத்தூரம் இன்னும் குறையும் என்பதை மலையடிவாரத்தார் நினைவில் வைக்க வேண்டும். பிடி வளையங்களின் திருகுகள் தளர்ந்திருந்தால் விலையுயர்ந்த கண்ணாடியும் பயனற்றதாகும்.

தொலைநோக்கி குழலுக்கு மேலே சுமார் 4 செண்டிமீட்டர் உயரத்தில் அமர்வதால், மிக அருகில் குண்டு குறிக்குக் கீழே பாயும். 50 மீட்டரில் சரிபார்த்து வைத்தால் இக்குறை நீங்கும், 100 மீட்டரில்.315 குண்டு இரண்டு மூன்று விரற்கடை தாழ்வதோடு நிற்கும். பன்றியின் உயிர்நிலை முன்னங்காலை ஒட்டி, மார்பின் கீழ்ப்பாதியில், சுமார் 20 செண்டிமீட்டர் வட்டத்தில் அமைந்திருத்தலின் அத்தாழ்வு பொருட்டன்று. திருகின் ஒரு சொடுக்கு 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்துவதாயின், 50 கஜத்தில் அதில் பாதியே நகர்த்தும் என்பதையும் கணக்கிட வேண்டும். ஜீப்பில் மலைப் பாதையில் குலுங்கி வந்த துப்பாக்கியை மீண்டும் சோதியாமல் விலங்கின் மேல் பிரயோகிக்கலாகாது. சோதனையும் அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே செய்யத்தக்கது.

நிலத்தை அமைத்துக் கொடுத்தல்

பட்டாதாரர் செய்யத்தக்கவை இவை. பன்றி நுழையும் தடத்தைக் கண்டு, அங்கிருந்து பரண் வரை 25, 50, 75 மீட்டர் தூரங்களில் சுண்ணாம்பு பூசிய கல் நடலாம். அரையிருட்டில் தூரத்தை ஊகிப்பதால் நேரும் பிழைகள் இதனால் ஒழியும். பார்வையை மறைக்கும் முட்செடிகளை வெட்டி விடலாம். பரண் உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணில் புதையும். சமதளத்தில் சுட்ட ரைபிள் குண்டு இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று உயிரைக் குடிக்க வல்லது. விடியலுக்கு முன்பே ஏலத் தோட்டத்திற்குச் செல்லும் பெண் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்படும் பிரதேசம் இது. சாலை, களத்து வீடு, மாட்டுக் கொட்டகை இருக்கும் திசையைக் குறித்துக் கொடுத்து, அப்பக்கம் குழல் திரும்பாதபடி பார்த்துக் கொள்வது நிலத்துக்காரரின் கடமை. எத்தனை மடங்குக் கண்ணாடியும் விலங்கின் பின்னால் இருப்பதை இருளில் காட்டாது.

கிராம அலுவலர்கள் சேதத்தை உடனே பார்வையிட்டு, சர்வே எண், பயிர், பரப்பு, தடம் ஆகியவற்றைக் குறித்து அனுப்ப வேண்டும். காட்டெல்லையிலிருந்து நிலத்தின் தூரத்தைச் சரியாக எழுதுவது முக்கியம். அதைப் பொறுத்தே கூண்டா, துப்பாக்கியா என்பது தீர்மானமாகும். சுடும் இரவைப் பற்றி அக்கம்பக்கத்துக் காவல் ஆட்களுக்கு முன்னறிவிப்புச் செய்தல் வேண்டும். இறந்த விலங்கு அரசாங்கத்தின் உடைமை. அதன் இறைச்சியைப் பங்கிடுவது குற்றம் என்பதையும் ஊராருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

அண்மைக் காலத்து உதாரணம்

இருளில் குறி வைப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை இப்பள்ளத்தாக்கு மக்கள் 2023-ல் நேரில் கண்டனர். சின்னக்கானலில் ஏப்ரல் 29-ந் தேதி பிடிபட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, மே மாத இறுதியில் கம்பம் நகருக்குள் புகுந்தது. வன இலாகாவினர் பல நாள் பின்தொடர்ந்து, தக்க இடமும் தக்க நிலையும் வாய்க்கும் வரை காத்திருந்து, ஜூன் 5-ந் தேதி விடியலுக்கு முன் உத்தமபாளையத்தை அடுத்த பகுதியில் மயக்க ஊசியைச் செலுத்தினர். அவசரப்பட்டு எய்திருந்தால் யானை ஊருக்குள் ஓடியிருக்கக் கூடும். பன்றியின் விஷயத்திலும் நியாயம் அதுவே. குறி ஐயமாயிருந்தால் அன்றிரவு விட்டுவிடுவதே முறை. பன்றி மறுநாளும் வரும்.

முடிவுரை

துப்பாக்கி ஒன்றினால் மட்டும் பன்றித் தொல்லை தீர்ந்துவிடாது. ஊர் சேர்ந்து வேலியடைப்பதும், காய் பிடிக்கும் பருவத்தில் முறை வைத்துக் காவல் இருப்பதும், காட்டோர நிலத்தில் பன்றி விரும்பாத பயிரிடுவதும் என்றும் வேண்டியவை. மின்கம்பத்திலிருந்து கம்பி இழுத்து வேலிக்கு விடுவதும், பழத்தில் வெடி வைப்பதும் பன்றியைக் காட்டிலும் மனிதரையும் யானையையும் மாடுகளையும் கொல்லுகின்றன. அவற்றை எவரும் செய்யலாகாது. அதிகாரம் பெற்றவர் சுட வரும்போது, குறைந்த பெருக்கமும், அந்தியிலும் தெளிந்த கண்ணாடியும், தடித்த எளிய குறியிழையும் உடைய கருவியோடு வருவாராயின், ஒரு தோட்டாவில் வேலை முடியும். விலங்கு வேதனைப்படாது, காயம்பட்ட பன்றி புதரில் கிடக்கின்றதென்ற அச்சமின்றி மறுநாட் காலையில் ஆட்கள் கடலைக் காட்டில் இறங்கலாம்.